மூன்றாம் வளைவு

பூட்டுமதகுக்காரி பெரான்ஷேர்
பன்னிரண்டு அடித்ததும் சாப்பிடப் போய்விட்டாள்.
ஒரு மணி நேரம், சரிந்த கல்சுவரில்
படகு வயிற்றைத் தேய்த்துக்கொள்ளாதபடி
கயிறும் கையுமாக நின்றேன் நான்.
அன்செல்ம் வரைபடப் புத்தகத்தை விட்டுத்
தலை தூக்கவில்லை.

அது அவன் அண்ணனுடையது. படகும்தான்.
கடைசித் தவணை கொடுத்த நாளோடு
பேச்சு அற்றுப்போன அண்ணன்.
ஓரங்களில் பென்சிலால் எழுதியிருக்கிறார்:
இங்கே ரொட்டி நல்லது.
இந்தத் திருப்பத்தில் ஹாரன் அடி.
ஓசேர்: மூன்றாம் வளைவு. யோசிக்காதே.

கதவு திறந்தது. யோன் நதி
மூன்று நாள் மழையைக் கலக்கிக்கொண்டு வந்தது,
ஆறிப்போன காபி நிறத்தில்.
பாப்ளார் மரங்கள் விலக
முதலில் ஒரு கோபுரம். கொஞ்சம் திரும்பினால்
அது இரண்டு. இன்னும் திரும்பினால் மூன்று.
மேட்டிலிருந்து தண்ணீர் குடிக்க இறங்கிய கூரைகள்
கரையோரம் முண்டியடித்து நின்றன.

"அழகு" என்றேன்.
"ஆழம் சொல்லு" என்றான்.
ஒன்று எண்பது. ஒன்று ஐம்பது.

பாலம் வந்தது.
மஞ்சள் சாய்சதுரப் பலகை
இரண்டாம் வளைவின் நெற்றியில் தொங்கியது.
மூன்றாவதன் அடியில்
ஒரு சாம்பல் நாரை
முழங்கால் நனையாமல் நின்றுகொண்டிருந்தது.

"அன்செல்ம், நாரை!"
"அண்ணன் எழுதியிருக்கான்..."
"உன் அண்ணன் எழுதினப்போ
அந்த நாரை பிறக்கவே இல்லை!"

சக்கரத்தைச் சுழற்றினான்.
பதினொரு டன் இரும்பு
சொன்னதும் சம்மதிக்கிற ரகமல்ல;
முதலில் பின்புறம் நகர்ந்தது, பிறகு யோசித்தது,
கடைசியில்தான் மூக்கைத் திருப்பியது.
நான் நீட்டிய ரப்பர் பந்து
தூணிடம் ஒரு பச்சைக் கோடு வாங்கிக்கொண்டு
கீச்சென்று விலகியது.
இருட்டு. ஈரக் கல் வாசனை.
என்ஜின் சத்தம் எங்கள் தலைமேலேயே திரும்பி விழ
வெளிச்சம்.

துறையில் மீன்பிடித்துக்கொண்டிருந்தவள்
தூண்டில்கோலைக் கக்கத்தில் இடுக்கியபடி
கயிற்றை வாங்கி வளையத்தில் மாட்டினாள்.
"போன வாரம் ஒரு டச்சுக்காரர்.
மூன்றாம் வளைவு. இரண்டு ராத்திரி" என்றாள்,
ரொம்பச் சந்தோஷமாக.

ஏழு மணியை
ஒன்றுக்கொன்று ஒத்துக்கொள்ளாமல்
மூன்று இடங்களிலிருந்து அடித்தார்கள்.
அன்செல்ம் பென்சில் தேடினான்.
அழிப்பானோ என்று பார்த்தேன்.
பக்கத்திலேயே, சின்ன எழுத்தில்,
இப்போது இரண்டு என்று எழுதினான்.
அந்தப் பக்கத்தை ஃபோனில் படம் பிடித்தான்.
அனுப்பாமல்
கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

நான் கீழே போய்
வெங்காயம் நறுக்கத் தொடங்கினேன்.