அகலக்கால்

யீஷூனில் பலமாடிக் கார் நிறுத்துமிடம்,
நான்காம் தளம், இரவு பதினொன்றே கால்.
பின்சக்கரத்தின் பக்கம் மண்டியிட்டிருக்கிறேன்.
ஆளே இல்லை என்று நினைத்து
விளக்கு அணைந்துவிடுகிறது.
கையை ஆட்டுகிறேன். வருகிறது.

மட்கார்டு விளிம்பிலிருந்து
தையல் நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு
நூலுக்கும் டயருக்கும் நடுவில்
காசு அடுக்கிப் பார்க்கிறேன்.
ஒரு வெள்ளிக் காசு ஏழு.
நெருக்கினால் மேலும் ஓர் ஐந்து காசு.
வேலையிடத்தில் நல்ல அளவுகோல் இருக்கிறது.
எதற்கு என்று கேட்பார்கள்.

"பஞ்சரா அக்கா? பம்ப் இருக்கு."
உணவுப் பெட்டியில் மழை சொட்ட
சைக்கிளோடு ஒதுங்கியிருந்த பையன்.
பஞ்சர் இல்லை, உள்ளே போயிருக்கு என்றேன்.
எது?
சக்கரம்.
குனிந்து பார்த்தான்.
"எல்லாக் காரும் இப்படித்தானே இருக்கு?"
அதைத்தான் சொல்கிறேன், தம்பி.

கடன் கேட்கப் போனபோது
வங்கியில் இருந்த பெண் நல்ல தமிழில் சொன்னாள்:
ஒற்றைச் சம்பளம், தனி ஆள்,
அகலக்கால் வைக்காதீங்க.
வைத்தேன். மாதம் தவறாமல் கட்டினேன்.
கார்தான் வைக்கவில்லை.
நேர்முகத் தேர்வுக்கு வந்தவள் மாதிரி
நான்கு காலையும் ஒடுக்கிக்கொண்டு
இத்தனை வருடம் என்னோடு ஓடியிருக்கிறது.

சிஓஇ முடியப் பத்தொன்பது மாதம்.
அப்புறம் இது இரும்பு, கிலோ கணக்கு.
சாகப்போகிறதுக்கு எதற்கு இடுப்பு ஒட்டியாணம்
என்று தம்பி தேவசகாயம் செய்தி அனுப்புகிறான்;
பேரிங் தேயும், காப்புறுதி கைவிரிக்கும் என்று
தொடர்ந்து இன்னும் மூன்று.
அவன் சொல்வது எல்லாம் சரி.
சரியாகச் சொல்வது அவனுக்குப் பழக்கம்.

சனிக்கிழமை காக்கி புக்கிட்.
ஆ ஹுவாட் என் உள்ளங்கையில் ஒன்றை வைத்தான்.
பதினைந்து மில்லிமீட்டர் அலுமினியம்.
நடுவில் பெரிய ஓட்டை, சுற்றி ஐந்து ஓட்டை.
மூன்று வாரம் தூங்காமல் யோசித்தது
பெரும்பாலும் ஓட்டையைத்தான்.

"சோதனைக்குப் போகும்போது கழற்று.
வந்ததும் மாட்டு. எல்லாரும் அப்படித்தான்."

எனக்கு அது தெரியும், ஆ ஹுவாட்.
அவன் அம்மா வரும் நாளில் ஜீன்ஸைக் கழற்றி,
சிரிப்பைக் கழற்றி, சம்பளச் சீட்டை மடித்து வைத்து,
அவர் லிஃப்டில் இறங்கியதும் எடுத்து மாட்டி,
பதினோரு வருடம்.
சொல்லவில்லை.
ஒரு பக்கம் போட்டுக் காட்டு என்றேன்.

இடது பின்சக்கரம்.
ஜாக்கி இறங்க, கார் பெருமூச்சுவிட்டு உட்கார,
தள்ளிப்போய் நின்று பார்த்தேன்.
அடடா.
பஸ்ஸிலிருந்து இறங்க
முதல் காலை வெளியே வைத்தவள் போல.
சுற்றி அந்தப் பக்கம் போனேன்:
பழைய ஆள். முழங்காலைச் சேர்த்தபடி.
திரும்ப இந்தப் பக்கம்.
ஆ ஹுவாட் கோப்பி வாங்கப் போய்விட்டான்.

வந்தவன் ஒரு நட்டைக் காட்டினான்.
எட்டுச் சுற்று பிடிக்க வேண்டியது
நாலரையில் நிற்கிறது.
"வெளியே வந்தால் பிடி குறையும்.
நீளமான போல்ட் போடணும், செவ்வாய்க்கிழமை வரும்."
செவ்வாய்க்கிழமை எனக்கு வேலை.
வேறு நாள் கேட்டிருக்கலாம்.
கழற்றிவிடு என்று வாய் சொல்லிற்று.
பத்து வெள்ளி வாங்கிக்கொண்டான்,
ஏன் என்று கேட்கவில்லை.

அந்த வட்டை மட்டும் திருப்பிக் கொடுக்கப் பார்த்து
விலை கேட்டு வாங்கிவிட்டேன்.
ஒன்றுதான். எதற்கும் உதவாது.
சாவி போட்டு வைக்கிறேன் அதில்.

நான்காம் தளம். வழக்கமான இடம்.
எஞ்சினை நிறுத்துமுன்
ஸ்டியரிங்கை முட்டும்வரை ஒடித்தேன்.
முன்சக்கரத்தின் கன்னம்
மட்கார்டைத் தாண்டி இரண்டு விரல்
வெளியே வந்து நின்றது.
கோட்டுக்குள்தான்.

பார்த்துக்கொண்டே இருந்தேன்.
விளக்கு அணைந்தது.
கையை ஆட்டவில்லை.