மிடறு

மில்வாக்கியில் பிப்ரவரி.
ஏரி உறைந்து கிடக்கிறது.
மூன்றாம் மாடியில் ஹீட்டர் மனம் வைக்கும்வரை
கையுறையோடு பென்சில் சீவுகிறாள்
ஓடெட் ஸ்விடாலா.

கேசாதிபாதம் என்று நாம் சொல்வதற்கு
அங்கே டிசைன் ஷீட் என்று பெயர்.
முன்னால், பின்னால், பக்கவாட்டில்.
கோபத்தில் ஒன்று.
பறக்கையில் ஒன்று.

வரைய வேண்டியவள் இழுவைப்படகு ஓட்டுகிறவள்.
புயல் வந்தால் அலையைத் தோளால் நிறுத்துவாள்.
பிரேக்வாட்டர் என்று துறைமுகமே கூப்பிடும்.
பிறந்த அன்று ஆண் என்று எழுதிவிட்டார்கள்.
இரண்டாம் இதழில் அதை அவளே சொல்வாள்,
கயிறு சுற்றிக்கொண்டே,
ஒரே ஒரு பலூனில்.
அடுத்த கட்டத்தில் சைரன்.

கேசம் சுலபமாக வந்தது.
மழையில் ஒட்டிய குட்டை முடி,
காதோரம் கிரீஸ்.
தாடைக்கு
மேசையில் சின்னக் கண்ணாடியை நிமிர்த்தி வைத்து
இருந்ததை இருந்தபடியே வரைந்தாள்.

பிரெண்ட் ஆஷ்பர்ன், ஆசிரியர்,
மதியத்துக்குள் பதில் போட்டுவிட்டார்.
தாடை கொஞ்சம் மென்மையாக.
இடை இன்னும் ஒடுங்கட்டும்.
மேலங்கியில் வானவில் போட்டால்
கடையில் தூரத்திலிருந்தே தெரியும்.

கெட்டவர் இல்லை.
ஜூன் மாத ஊர்வலத்தில்
வெயில் பாராமல் நடப்பவர்.

கொடியிடை!
இரண்டாயிரம் வருஷமாய் நம் கவிகள்
ஒடிந்துவிடுமோ என்று பதறிய அதே இடை
அங்கேயும் போய்ச் சேர்ந்திருக்கிறது.
நாற்பதாயிரம் டன் கப்பலை இழுக்கிறவளுக்கு
இடுப்பு வேண்டாமா, என்று கேட்டாள்.
அது நின்றது.
வானவில்லுக்கு
அங்கியில் ஒரு டீசல் கறை போட்டாள்.
ஈரத்தில் டீசல் சிந்தினால்
என்னென்ன நிறம் வரும் என்று
படகுத்துறையில் நின்றவர்களுக்குத் தெரியும்.
பிரெண்டுக்குப் பிடித்திருந்தது.
அழுக்கு மாதிரி இருக்கிறதே என்றார்.
ஆமாம் என்றாள்.

கழுத்தில்தான் வேலை நின்றது.

நஞ்சு நின்ற இடத்தை
மணிமிடறு என்று பாடிய மொழி நமது.
அவர்களிடம் அதற்கு இருந்தது ஒரு கூட்டம்,
எட்டுப் பேர், ஒரு பெட்டி டோனட்.
தொண்டையில் அந்த மேடு தேவையா?
வாசகர் குழம்ப மாட்டாரா?
சிலை செய்கிற கம்பெனி என்ன சொல்லும்?
கவனமாக, மரியாதையாக,
யாருமே அவள் கழுத்தைப் பார்க்காமல்
பேசினார்கள்.
ஆறிய காபியில் ஒரு மிடறு குடித்தாள்.
அது இறங்குவதையும்
யாரும் பார்க்கவில்லை.

பதினான்காவது வரைவில் காலர் வந்தது.
உயரமான, கடல்நீல காலர்,
மோவாய்வரை பித்தளைப் பொத்தான்கள்.
அழகாகத்தான் இருந்தது, அதுதான் தொல்லை.
கையெழுத்துப் போட்டாள்.
வாடகை ஒன்றாம் தேதி.

நான்கு இதழ்கள் காலரோடு போயின.

ஐந்தாவதன் திரைக்கதை, பக்கம் பதினேழு:
‘பனிக்கொக்கி வீசுகிறான். உடை கிழிகிறது.’
எங்கே என்று எழுதவில்லை.

பென்சிலில் மெல்லிசாக ஒரு கோடு போட்டு அனுப்பினாள்,
வேண்டாமென்றால் அழித்துவிடலாம் என்கிற மாதிரி.
மை போடும் வெண்டல் ட்ரூஹார்ட்
எதுவும் கேட்கவில்லை.
தூரிகையை இரண்டு முறை அழுத்தியிருக்கிறான்,
மேட்டுக்கு ஒன்று,
அதன் நிழலுக்கு ஒன்று.
வெள்ளி இரவு பதினொன்றரைக்கு
பக்கங்கள் அச்சகத்துக்குப் போயின.
பிரெண்ட் தூங்கியிருப்பார்.
தூங்காமலும் இருந்திருக்கலாம்.

அச்சில் சிவப்பு அரை மில்லிமீட்டர் விலகி
மிடற்றின் ஓரம் லேசாய் எரிந்த மாதிரி விழுந்திருக்கிறது.
திருத்தச் சொல்லி
அவள் எழுதவில்லை.

பனிக்கொக்கிக்காரன் அந்த இதழோடு சாகிறான்.
அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.
கை சுத்தமான ஆள்,
இன்னும் இரண்டு இதழாவது
இருந்திருக்கலாம்.