உப்பில்லாக் கொழுக்கட்டை

ஆடி மூன்றாம் செவ்வாய்.
இராத்திரி பத்து மணிக்கு உன்னைத் தெருவுக்கு அனுப்பிவிட்டுக்
கதவைச் சாத்துகிறேன்.
இருபத்தாறு வருடமாக
அதே படியில் நின்று அதே கேள்வி கேட்கிறாய்:
"இன்னாதான் பண்றீங்க உள்ள?"

சொல்லக் கூடாது.
ஆண் காதில் விழுந்தால் கண் போகும் என்பார்கள்.
மாதனூரில் அப்படிப் போன கண் எதையும்
நான் பார்த்ததில்லை.
ஆனாலும் ஆண் என்றால் கைக்குழந்தையும் வெளியேதான்,
கோட்டீஸ்வரி வீட்டுக் கடுவன் பூனையும்.

வேண்டுமானால் வேறு ஊர்க் கதை சொல்கிறேன்.
காலேஜ் புத்தகத்தில் இருந்தது.
இந்த வீட்டில் ஒருத்தி உரக்கப் படித்தாள்,
நீ சோறு தின்றபடி கேட்டாய்.

கிரேக்க தேசத்தில் டிமீட்டர் என்று ஒரு அம்மன்.
அவள் சொன்னால்தான் கதிர் முற்றும்.
மகள் பூப்பறிக்கப் போன இடத்தில் தரை பிளந்தது,
பாதாளத்து ராஜா தேரில் தூக்கிப் போனான்.
தூக்கிப் போனானா, இவளே ஏறினாளா என்று
படித்தவள் உன்னோடு சண்டை போட்டாள்,
ஞாபகம் இருக்கிறதா?

ஒன்பது நாள் பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல்
பந்தம் பிடித்துத் தேடினாள் தாய்.
ஒரு கிணற்றடியில் கிழவி வேஷத்தில் உட்கார்ந்தாள்.
ஒருத்தி கெட்ட வார்த்தை சொல்லிச் சிரிக்க வைத்தாள்,
பார்லிக் கஞ்சியில் புதினா கிள்ளிப் போட்டுக் கொடுத்தாள்.
அப்புறமும் ஆறவில்லை.
முளைக்காதே என்றாள் விதையிடம்.
விதை கேட்டது.

ஊர் பட்டினி கிடந்த பிறகுதான் மேலே இருப்பவனுக்கு உறைத்தது.
மகளை அனுப்பு என்றான்.
அதற்குள் அவள் அங்கே மாதுளை முத்துத் தின்றிருந்தாள்.
தின்ற இடத்துக்குக் கடன்.
வருடத்தில் கொஞ்சம் அங்கே, மிச்சம் இங்கே.

அவர்கள் சேர்ந்ததை எலூசிஸ் என்ற ஊரில்
இராத்திரியில் கும்பிட்டார்களாம்.
கூடையில் என்ன இருந்ததென்று யாரும் சொல்லவில்லை.
அறுத்த கதிர் ஒன்று, அவ்வளவுதான் என்று
பிற்காலத்தில் ஒருவன் எழுதினான்.
அவன் உள்ளே போனவனா, தெரியாது.

எங்களுடையதும் அவ்வளவுதான் என்று வைத்துக்கொள்.
பச்சரிசி இடிப்பது உனக்குக் கேட்கும், மறைக்க முடியாது.
உப்பு மட்டும் போடமாட்டோம்.
ஏனென்று ரொம்ப நாள் நான் யோசித்ததில்லை.
உள்ளளவும் நினை என்று
பிடித்து வைப்பது உப்பு.
உப்பில்லாமல் தின்றவள்
விடியுமுன் எழுந்து போகலாம்,
எந்தப் பக்கத்துக்கும் கடனில்லாமல்.

பாலாற்றைப் பார்.
பாலம் இருக்கிறது, லாரித் தடம் இருக்கிறது,
நடுவில் வேலிக்காத்தான்.
ஆறு எங்கேயும் போகவில்லை, மணலுக்கடியில் இருக்கிறது என்கிறான்
போர் போடுகிறவன்.
எத்தனை அடியில் என்றால்
வருடத்துக்கு ஒரு கணக்கு சொல்கிறான்.

மூன்று வருடமாயிற்று நீ ஒரு பெயரைச் சொல்லி.
தட்டு எடுக்கும்போது உன் கை
மூன்றாவது தட்டுவரை போய்த் திரும்பும்.
டிவியில் ஓசூர் என்றால் சேனல் மாறும்.

போன ஆடியில்
உள்ளே ஏழு பேர் என்று உன்னிடம் சொல்லியிருந்தேன்.
விடிகாலை நாலு மணிக்குக் கதவைத் திறந்தால்
வாசலில் எட்டு ஜோடி செருப்பு.
எட்டாவது
வார் அறுந்து, ஊக்கு குத்தி,
வெளியூர்ச் செம்மண்ணோடு வந்தது.
ஊக்கைக் காணோம்.
அந்த இடத்தில் மெழுகு நூலில் இரட்டைத் தையல்.
ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருபது வருடம் தைத்த கை
இருட்டில் தைத்தால் எப்படி விழுமோ அப்படி,
கொஞ்சம் கோணலாக.
மண்ணைத் துடைத்து
முனை தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தது.

நீ எதிர்ச் சுவரோரம் துண்டைப் போர்த்திப் படுத்திருந்தாய்.
தூங்குகிறவன் எப்படி மூச்சு விடுவான் என்று
எனக்குத் தெரியாதா?

மணி பத்தாகிறது.
அதே படி, அதே கேள்வி.
உன் சட்டைப் பையில்
நூல் கோத்த ஊசி ஒன்று துருத்திக்கொண்டிருக்கிறது.
நான் பார்க்கவில்லை.
கதவைச் சாத்துகிறேன்.