உள்திறாங்கு

முதல் வந்த ரீச்சர் சுவரைப் பார்த்தார்.
கூரையைப் பார்த்தார்.
கதவைச் சாத்தினார், திறந்தார், திரும்பவும் சாத்தினார்.
"யோசிச்சுச் சொல்லுறன் அக்கா."
யோசிக்கப் போனவர்கள் மல்லாவியில்
திரும்பி வந்ததாக நான் அறியேன்.
இரண்டாவது ரீச்சர் செருப்பே கழற்றவில்லை.

வீட்டுத்திட்ட வீடு. காசு கல்லோடு முடிந்தது.
பூசாமல் விட்ட அந்த அறைக்குள்
பதினொரு வருஷம் நெல்மூட்டை கிடந்தது,
உரம் கிடந்தது, ஒருமுறை சாரைப்பாம்பும்.

மேசனைக் கேட்டேன். "ரெண்டு நாள் வேலை" என்றார்.
அவருடைய இரண்டு நாள்
மாரிக்குத் தொடங்கிச் சிறுபோகத்தில் முடியும்.
ஆறுமாதச் சீட்டுக் காசை எண்ணிப் பார்த்தேன்.
அதில் அவர் இல்லை. நான்தான் இருந்தேன்.

சீமெந்தைக் கஞ்சிபோலக் கரைத்து
தும்புத் தூரிகையால் கல்லில் இழுத்தேன்.
விடிய எழும்பிப் பார்த்தால்
அரைவாசி மாவாகி நிலத்தில்.
சுவருக்கும் தண்ணி விடாய்க்கும் என்று
எவரும் எனக்குச் சொல்லவில்லை.
இரண்டாம் தரம் முதலில் அதைக் குடிக்க விட்டேன்,
மூன்று வாளி.
பிறகு பிடித்தது.

தர்மகுலசிங்கம் ஹாட்வெயாரில்
யாரோ கலக்கச் சொல்லிவிட்டு எடுக்க வராத
பெயின்ற் ஒரு வாளி, அரை விலை.
மூடியில் இருந்தது மாம்பிஞ்சுப் பச்சை.
சுவரில் ஏறியதும் வெள்ளரிக்காய்.
கீழிருந்து தொடங்கினேன்,
மேலே அடிக்க அடிக்கக் கீழே வடிந்தது.
ஆகவே கீழே இரண்டு தரம் அடித்த அறை அது.
சுவிச்சில் மட்டும் கை வைக்கவில்லை.
தெரியாத வேலையில் செத்துப்போனால்
அறையின் விலை இன்னும் குறையும்.
கீர்த்தனன் வந்து மாற்றினான்,
ஒரு தேத்தண்ணிக்கும் இரண்டு முறுக்குக்கும்.

கதவுதான் கடைசி.
மழைக்குப் பலகை ஊதிவிட்டது என்று
வருஷக்கணக்காய்ப் பழி சொல்லி வந்தேன்.
பலகை பாவம்.
பிணைச்சலின் ஆணி ஓட்டை தளர்ந்திருந்தது.
இரண்டு தீக்குச்சியை மருந்து கிள்ளிச் செருகி
ஆணியைத் திருகினேன்.
கதவு எழும்பி நின்றது,
வகுப்பில் பெயர் கூப்பிட்ட பிள்ளைபோல.

அப்போதுதான் கண்டேன்:
வெளியே ஆமைப்பூட்டுக்குக் கொண்டி இருக்கிறது,
உள்ளே ஒன்றும் இல்லை.
நெல்லுக்கு
உள்ளிருந்து பூட்டத் தேவையில்லை.

இருநூற்று எண்பது ரூபாய்த் திறாங்கு.
நாலு ஆணி. ஒன்று சரிவு.
போட்டு, சரிபார்க்க என்று
உள்ளே போய்த் தள்ளினேன்.
டக்.
வெளியே ஆடு கத்தியது. யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள்.
பெயின்ற் மணத்துக்குள் வெறும் நிலத்தில்
எவ்வளவு நேரம் இருந்தேனோ,
அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது.
என் அறைக்கு இப்போதும்
பழைய சேலைதான் கதவு.

மூன்றாவது ரீச்சர் டிக்கோயாவிலிருந்து.
லோஜனா. கணக்குப் பாடம்.
வெள்ளரிக்காயைப் பற்றி ஒரு சொல் இல்லை.
நேரே கதவுக்குப் போய்
திறாங்கை மூன்று தரம் தள்ளி இழுத்தார்.
"எவ்வளவுங்க?"
எட்டாயிரம் என்று பத்து நாளாய்ச் சொல்லிப் பழகிய வாய்
பத்து என்றது.
கணக்கு ரீச்சர் பேரம் பேசவில்லை.
பெட்டியை உள்ளே எடுத்து வைத்தார்.

முதல் மாத வாடகையோடு ஹாட்வெயாருக்குப் போனேன்.
ஒரு கதவு, மலிவானது.
பிணைச்சல் மூன்று.
இன்னொரு திறாங்கு.
தர்மகுலசிங்கம் பில் எழுதியபடி சிரித்தார்:
"இன்னொரு ஆளையும் வைக்கப் போறியள் போல?"

"ஓம்" என்றேன்.
அந்த ஆள் வாடகை தராது என்று
சொல்லவில்லை.