இரண்டடிக்கு இரண்டடி

பாரம் பதினேழு பக்கம்.
என் கடையில்தான் நகலெடுத்தோம், பக்கத்துக்கு இருபது காசு.
செயலாளர் என்ற முறையில்
எனக்கு நானே கடன் சொல்லிக்கொண்டேன்.

நாட்டுக்குச் சேவை செய்தோர் நினைவுத் திட்டம்:
சமூக அமைப்புகளுக்குப் பன்னிரண்டாயிரம் வெள்ளி வரை.
பெயர், பதவி, படை எண்
நீல மையில், பெரிய எழுத்தில்.

கெருயிங் தோட்டத்திலிருந்து
பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாதவர்கள் நான்கு பேர்.
முதல் பெயர் கார்ப்பரல் வடமலை.
எல்லைக் காட்டில் கண்ணிவெடி,
கல்யாணமாகிப் பதினொரு மாதம்.
மற்ற மூவருக்கும் எண் இருந்தது,
ஒருவருக்குப் படம் இல்லை.

கூட்டத்தில் சிங்காரம் எழுந்தார்:
"சயாமுக்கு ரயில் போடப் போன எங்க தாத்தா பேரு?"
அவர் சிப்பாய் இல்லையே என்றேன்.
"அப்ப ஜப்பான்காரன் சுத்திப் பாக்கவா கூட்டிப் போனான்?"
யாரும் சிரிக்கவில்லை.
பாரத்தைப் புரட்டினேன். அதற்குக் கட்டம் இல்லை.
குறிப்பேட்டில் எழுதினேன்: கவனத்தில் கொள்ளப்பட்டது.
அந்த ஒரு சொல்லை
இன்றுவரை அடிக்க முடியவில்லை.

பணம் வந்துவிட்டது. அதுதான் வேடிக்கை.
ஈப்போவில் கல் செதுக்கியாயிற்று,
கறுப்புக் கிரானைட், அடிப்பாகம் இரண்டடிக்கு இரண்டடி.
பதினோராம் பக்கத்தை அப்புறம்தான் ஒழுங்காகப் படித்தோம்:
நில உரிமையாளரின் சம்மதக் கடிதம்,
ஆறு மாதத்துக்குள்.

தோட்டம் கம்பெனியுடையது.
கம்பெனி கோலாலம்பூரில் பதினெட்டாவது மாடியில் இருக்கிறது.
வருங்கால மேம்பாட்டைக் கருதி
வருந்துகிறோம் என்று எழுதினார்கள்.
கோயில் நிலமும் அவர்களுடையதுதான்,
அம்மனுக்கே நோட்டீஸ் வந்திருக்கிறது.
பள்ளிக்கூடம் மேலிடத்தைக் கேட்கச் சொன்னது,
மேலிடம் பள்ளிக்கூடத்தைக் கேட்கச் சொன்னது.
சாலையோரம் பொதுப்பணித் துறைக்கு,
கால்வாய்க்கரை வடிகால் துறைக்கு,
செம்பனைக்கு அடியில் விழும் நிழல்கூட
யாரோ ஒருவருடைய கணக்கில்தான் இருக்கும்.

ஆகவே கல் என் கடையில் நின்றது,
நகல் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே.
பிறப்புப் பத்திரம் நகலெடுக்க வந்தவர்கள்
அதன்மேல் பையை வைத்தார்கள்.
ஒரு பையன் அதில் தலை சீவினான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
நானே ஒரு முறை தேநீர்க் குவளை வைத்தவன்.

இறுதி அறிக்கைக்குப் படம் வேண்டும்:
நிறுவப்பட்ட இடத்தில், பொதுமக்களோடு.
முப்பத்தொன்றாம் தேதி கடைசி நாள்.
ஆ லியோங்கின் லோரியில் ஏற்றி
முச்சந்திக்கு அருகே புல்லில் இறக்கினோம்,
ஆறு ஆள், மூன்று வசைச் சொல்.
மாலை போட்டோம். கொடி பிடித்தோம்.
படத்தின் ஓரத்தில் ஒரு நாய் வந்துவிட்டது.
இருபது நிமிடம் நாட்டின் மண்ணில் நின்றார்கள்
நால்வரும்.
அமலாக்க வண்டி வருமுன்
திரும்ப ஏற்றிவிட்டோம்.

அப்போதுதான் பேருந்து வந்தது.
இன்பவல்லி இறங்கினார், வடமலையின் மனைவி.
புதுப்புடவை, கையில் ஒரு முழம் மல்லிகை.
பத்தரைக்கு என்று சொல்லியிருந்தோம்,
பேருந்துக்கு யாரும் சொல்லவில்லை.

புல்லில் சதுரமாக அழுந்திய தடத்தைப் பார்த்தார்.
பிறகு லோரியைப் பார்த்தார்.
"ஏத்திட்டீங்களா" என்றார்,
கேள்வி மாதிரி இல்லை.

யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள்.
சிங்காரம் ஒரு கை கொடுத்தார்.
செருப்பைக் கீழே கழற்றிவிட்டு
லோரித் தட்டில் ஏறினார்,
உரச் சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து
முதல் பெயரைத் தேடி விரலை வைத்தார்.
பூவை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்திருந்தார்.

எனக்கு மதியம் கடை திறக்க வேண்டும்.
ஆ லியோங்குக்கு பீடோரில் சரக்கு காத்திருந்தது.
அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்,
எங்களைப் பார்த்தார்,
எஞ்சினை அணைத்தார்.