எட்டு ரூபாய் பாக்கி

பதினொரு வருஷம் பச்சை வண்டியில் சீட்டுக் கிழித்தேன்.
திங்கட்கிழமையிலிருந்து மஞ்சளில்.
பேட்டா நூறு ரூபாய் கூட. அவ்வளவுதான்,
வேறு காரணம் சொன்னால் பொய்.

சேர்ந்த அன்றே முதலாளி கேட்டார்,
பச்சைக்காரன் எங்கே நின்று ஆள் பிடிக்கிறான்?
சொன்னேன்.
லத்தேரியில் ஒரு நிமிஷம்,
கே.வி.குப்பத்தில் சந்தையன்று மூன்று,
மழையென்றால்
காலேஜ் பிள்ளைகள் ஓடிவந்து ஏறும்வரை.
எல்லாம் நான் வைத்த கணக்கு.
இப்போது நாலு நிமிஷம் முன்னால் கிளம்பி
நாங்கள் அள்ளிக்கொள்கிறோம்.

பூக்கூடை முனிரத்தினம்மா மட்டும் ஏறவில்லை.
படியருகே வந்து சீட்டைத் திருப்பிக் காட்டினாள்,
பின்னால் என் கையெழுத்து, எட்டு.
"இன்னாபா, இத நீ தரணுமா, அவன் தரணுமா?"
பத்து ரூபாயாய் நீட்டினேன்.
"எட்டுதான்" என்றாள்.

இன்று தாமதம். குடியாத்தம் ரோட்டில்
பச்சை எங்களுக்கு முன்னால், எத்திராஜ் ஓட்டுகிறான்.
யாரோ இறங்கணும் என்றார்கள்.
நீளமாய் ஒன்று, வெடுக்கென்று ஒன்று,
பழைய விசிலே வந்துவிட்டது.
எங்கள் டிரைவர் புதுசு, புரியாமல் ஓட்டினார்.

பச்சை நின்றது,
இறங்க ஆளில்லாத இடத்தில்.