விற்பனைக்கு முன்

மணி இரண்டரைதான்.
அதற்குள் ஹேர்னோசாண்ட் துறைமுகம்
இருட்டைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டது.
கதவைத் திறந்த சிக்ஸ்டன்
முதலில் என் காலணியைப் பார்த்தார், கழற்றினேன்.
பிறகு வீட்டைக் காட்டினார்,
மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு.

என் தொழில் இது:
விற்கப்போகிற வீட்டிலிருந்து
வாழ்ந்தவர்களை அப்புறப்படுத்துவது.
அறைக்கு இவ்வளவு என்று கட்டணம்.
குளியலறைக்குத் தனி.

சாப்பாட்டு மேசைக்கு மேலே
கூரையோடு ஒட்டி எரிந்த
ஒற்றைப் பெரிய விளக்கை முதலில் அணைத்தேன்.
பல் மருத்துவரின் வெளிச்சம் அது.
அதன் கீழே யாரும் யாரையும் மன்னிக்க முடியாது.
'முப்பத்தொரு வருஷம் இதன் கீழேதான் சாப்பிட்டோம்'
என்றார்.
குன்னெல் யெவ்லேவுக்குப் போய் ஏழு மாதம் ஆகிறதென்று
தரகர் முன்பே சொல்லியிருந்தாள்.
நான் அளவு நாடாவை இழுத்தேன்.

சோபாவின் இரண்டு ஓரத்திலும்
ஆளுக்கொரு பள்ளம்.
நடுவில் துணி, கடையிலிருந்து வந்த அன்றுபோல.
அது போயிற்று.
திருகாணி நிறைந்த பதினொரு புகையிலை டப்பாக்கள்,
மீன்கடை காலண்டர்,
தொப்பிகள் தொங்கிய கலைமான் கொம்பு,
யாரோ கொடுத்த, யாருக்கும் பிடிக்காத
பீங்கான் நாய்
எல்லாம் படகுக் கொட்டகைக்கு.

வெள்ளை என்றால் ஒரு வெள்ளையா?
சுத்த வெள்ளை இங்கே ஆகாது.
வடக்கின் பனிக்கால வெளிச்சம் பட்டால்
நீலம் பாரித்துப் பிணவறைச் சுவராகிவிடும்.
வாளிக்கு ஒரு சொட்டு மஞ்சள்,
அதைவிடச் சின்னதாய் ஒரு சொட்டுக் கறுப்பு.
பார்த்தால் தெரியாது.
தெரியாமல் இருப்பதற்குத்தான் காசு.

லினோலியத்தைக் கிழித்தபோது
அடியில் பைன் பலகை,
இத்தனை காலம் மூச்சைப் பிடித்துக்கொண்டு.
பனியுடைப்புக் கப்பலில் எஞ்சின் பார்த்த மனிதர்
மண்டியிட்டு
சோப்பு நீர் ஊற்றித் தேய்த்தார் இரண்டு நாள்.
கேட்காமலே வந்தார், கூலியும் கேட்கவில்லை.
தரை வெளுக்க வெளுக்க
அவருக்குக் கோபம் வந்ததுபோல் இருந்தது.
'இது இங்கேயேதான் இருந்ததா' என்றார்.
தரையிடம்தான் கேட்டார்.

பிறகு கொஞ்சம் பொருள், நிறைய இடம்.
நாற்காலி முதுகில் ஓர் ஆட்டுத்தோல்.
கண்ணாடிக் குடுவையில் இலையில்லாத பிர்ச் கிளை.
யாரோ இப்போதுதான் எழுந்துபோனதுபோல்
அலட்சியமாய்ச் சரிந்து கிடக்கும் ஒரு போர்வை
(அந்த அலட்சியத்துக்குக் கால் மணி நேரம் பிடித்தது).
ஜன்னலில் காகித நட்சத்திரம்.
திரைச்சீலை கிடையாது,
இருக்கிற வெளிச்சத்தை யார் மறைப்பார்கள்?
தாழ்வாய், மூலைக்கொன்றாய்
ஏழு சின்ன விளக்குகள்.
மேசைமேல் இரண்டு கோப்பைகள்,
கைப்பிடிகள் ஒன்றையொன்று பார்க்க.

புகைப்படக்காரர் வந்தார், போனார்.

மூன்றாம் நாள் தரகர் அழைத்தாள்.
'இல்வா, ஒருவர் இரண்டு முறை விலை கேட்டுவிட்டார்.
விளக்குகளோடு சேர்த்து எவ்வளவு என்கிறார்.'
யார் என்றேன்.
சிரிப்பை அடக்கமுடியாமல் சொன்னாள்:
'வீட்டுக்காரர்.'

குன்னெலின் பாதிக்கு வங்கியில் கடன் வாங்கினாராம்,
அறுபத்திமூன்று வயதில்.

வாடகைப் பொருளை எடுக்கப் போனேன்.
ஏழு விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன,
வெளியே உறைபனி நீலமாய்க் கிடந்தது.
சிக்ஸ்டன் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்திருந்தார்.
ஓரத்தில் இல்லை.
கோப்பைகளைத் தூக்கிப் பார்த்தேன்:
ஒன்றின் உள்ளே காபி வளையம்,
மற்றதன் அடியில் விலைச்சீட்டு
உரியாமல் அப்படியே.
'ஒன்று மட்டும் எவ்வளவு?' என்றார்.
ஜோடியாகத்தான் தருவோம் என்றேன்.
யோசித்தார். தலையாட்டினார்.
பில்லில் நான் எழுதவில்லை.

கிளம்பும்போது அந்தப் பழைய பெரிய விளக்கை
என் காரின் பின்னால் வைத்தார்,
குப்பைக் கிடங்கு என் வழியில்தானே என்று.

வழியில்தான்.
பத்து நாளாகிறது.
வளைவுகளில் திரும்பும்போதெல்லாம்
பின்னால் உருண்டு
எதிலோ மோதி நிற்கிறது.